ப்ரோக்ராம் பார்ப்பவருக்கு

சேசு மரி சூசை

காட்டூர், திருச்சி
10.2.1985

தம்பி சவரிராயனுக்கு அண்ணன் அற்புதசாமி எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி பாக்கியமேரியும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். இதைக் கேட்பது கடிதம் எழுதுகிறவன் கடமை. அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

ஒன்பது வருஷம் கழித்து எழுதுவதால் உன் கல்யாணத்தை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை போட்டு, பம்பாய்க்கு ரயில் ஏறினாய். நான் அப்போது ஜங்ஷனில் விசாரணை கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க தம்பி எந்த வண்டியில போனாரு?" என்று ஊரே என்னிடம் வந்து விசாரித்தது. அந்தக் குறை அப்படியே இருக்கிறது.

இது ப்ரோக்ராம் விஷயம். நீ பம்பாயில் கம்ப்யூட்டரில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன்.

பக்கத்து வீட்டு ஜெகபர் அலி குவைத்திலிருந்து வரும்போது பிள்ளைகள் விளையாட ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டு வந்தார். டி.வி.யில் மாட்டினால் வேலை செய்கிறது. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு நான் போய் உட்கார்ந்து, கூட வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு யார் தயவும் இல்லாமல் 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்றுக்கொண்டேன். ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சந்தேகம் கேட்கப் போனதற்கு, "டிகிரி இருக்கா சார்?" என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

நான் எழுதும் ப்ரோக்ராமின் பெயர் 'விசாரணை'. மனிதர்கள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கேள்வி கேட்டால், அதில் நான் வைத்திருக்கும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து அதற்குரிய பதிலைச் சொல்லும். அக்டோபரில் எங்கள் ஜெபமாலை மாதா கோவில் திருநாளில் இதை வைக்கிறேன் என்று பங்குக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

குறை என்னவென்றால், 'பூசை எத்தனை மணிக்கு' என்று கேட்டால் திரை நிறைய 'எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது' என்று போட்டுவிட்டுக் கடைசியில் சரியான பதிலைச் சொல்கிறது. ஜெகபர் அலி பார்த்துவிட்டு, "அண்ணே, தாலுக்கா ஆபீஸ் மாதிரியே இருக்கு" என்கிறார். ப்ரோக்ராமை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். குறை எங்கே என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு
ம. அற்புதசாமி

பம்பாய், மாதுங்கா
2.3.1985

பெரியவர் அவர்களுக்கு வேதவல்லி நமஸ்காரம்.

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்த செய்தியில் ஒரு சிறு பிழை. கம்ப்யூட்டரில் வேலை செய்வது அவர் இல்லை, நான். அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு என் பக்கம் நகர்த்தி வைத்தார். "உனக்குத்தான் வந்திருக்கு" என்றார்.

உங்கள் ப்ரோக்ராம் நன்றாக இருக்கிறது. பிழை ஒரே இடத்தில். இயந்திரம் உங்கள் சொற்களை ஒவ்வொன்றாகக் கேள்வியோடு ஒப்பிடுகிறது. ஒரு சொல் பொருந்தாத உடனே 'தெரியாது' என்று சொல்லும்படி எழுதியிருக்கிறீர்கள். அதனால் பொருந்தாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'தெரியாது' வருகிறது. எல்லாச் சொல்லையும் பார்த்து முடிக்கும் வரை அது பேசாமல் இருக்க வேண்டும். முழுக்கப் பார்த்த பிறகும் ஒன்றும் பொருந்தவில்லை என்றால்தான் தெரியாது என்று சொல்லலாம். ஆகவே வரி 240-ஐ எடுத்து, சுற்று முடியும் வரி 260-க்குக் கீழே வையுங்கள்.

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் பெரியவர் என்று எழுதியிருக்கிறேன். தவறானால் சொல்லவும்.

நமஸ்காரங்களுடன்
வேதவல்லி

சேசு மரி சூசை

காட்டூர்
25.3.1985

ப்ரோக்ராம் பார்ப்பவருக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமாக இருக்கலாம்.

நான் கடிதம் எழுதியது என் தம்பிக்கு. பதில் யார் எழுதுவது என்று நான் சொல்லவில்லைதான். ஆனால் சொல்ல வேண்டிய அவசியம் வரும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. எனக்கு அங்கே தம்பி ஒருவன்தான் உறவு. ஆகையால் இந்தக் கடிதம் ப்ரோக்ராம் பார்க்கிறவர் யாரோ அவருக்கு. எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதில் இடம் இல்லை.

வரி 240-ஐ மாற்றினேன். சரியாகிவிட்டது. நானே இரண்டு நாளில் கண்டுபிடித்திருப்பேன்.

இப்போது வேறு குறை. ஜெகபர் அலியின் கடைக்குக் கணக்கு எழுதும் ஞானமணி வந்தான். ஆசையாக உட்கார்ந்து 'என் பெயர் ஞானமணி' என்று அடித்தான். 'காலைப் பூசை ஆறு மணி, எட்டு மணி' என்று பதில் வந்தது. அவன் பெயருக்குள் மணி இருப்பதால் அதைப் பிடித்துக்கொண்டது. "நான் கோவிலுக்குப் போறது இல்லைன்னு யாரோ இதுகிட்ட சொல்லிட்டாங்க சார்" என்று முகம் சிவந்து எழுந்துவிட்டான்.

இதற்கு வழி எழுதவும்.

ம. அற்புதசாமி

(பாக்கியமேரி இதைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை நல்லாருக்கியான்னு கேட்டா உங்க பேனா மை குறைஞ்சிடுமா?" என்கிறாள். அவள் கேட்டதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.)

பம்பாய், மாதுங்கா
14.4.1985

பெரியவர் அவர்களுக்கு நமஸ்காரம்.

இருவரும் சௌக்கியம். அக்கா விசாரித்ததற்கு என் நன்றியைச் சொல்லவும். நான் நன்றாக இருக்கிறேன் என்றும் சொல்லவும்.

ஞானமணி விஷயம். இயந்திரத்துக்கு ஒரு வார்த்தை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. நாம்தான் வேலி போட வேண்டும். உங்கள் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஓர் இடைவெளி விடுங்கள். கேட்கிறவர் அடித்த வாக்கியத்துக்கும் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று ப்ரோக்ராமே சேர்த்துக்கொள்ளட்டும். கேள்விக்குறி, புள்ளி இருந்தால் அவற்றை எடுத்துவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் உள்ள சிறிய இயந்திரத்தில் போட்டுப் பார்த்தேன். வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான்: பூசை எத்தனை மணிக்கு?
இயந்திரம்: காலை ஆறு, எட்டு.
நான்: என் பெயர் ஞானமணி.
இயந்திரம்: எனக்குத் தெரியாது. வேறு கேளுங்கள்.
நான்: அப்பா எப்படி இருக்கிறார்?
இயந்திரம்: எனக்குத் தெரியாது. வேறு கேளுங்கள்.

சரியாக வேலை செய்கிறது.

இந்த வெயிலில் காவிரியில் மணல்தான் தெரியும் என்று நினைக்கிறேன். பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் பக்கம் போவது உண்டா? உத்தர வீதிப் பக்கம் யாரையாவது பார்ப்பது உண்டா? சும்மா கேட்டேன்.

வேதவல்லி

சேசு மரி சூசை

காட்டூர்
13.5.1985

ப்ரோக்ராம் பார்ப்பவருக்கு,

இவ்விடம் வெயிலைத் தவிர மற்றவை சுகம்.

இடைவெளி யோசனை சரி. ஞானமணியை வரவழைத்துக் காட்டினேன். ஆனால் சோதனைக்கு 'அப்பா எப்படி இருக்கிறார்' என்று எதற்குக் கேட்க வேண்டும்? கோவில் விசாரணையில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். சோதனை என்றால் விஷயத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். காவிரியில் மணல்தான். எனக்கு ஸ்ரீரங்கத்தில் வேலை இல்லை, போவதும் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிப் பூசை முடிந்ததும் கோவில் ஹாலில் டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் வைத்து வெள்ளோட்டம் பார்த்தேன். என் மானம் போயிற்று.

முதலில் உபதேசியார் உட்கார்ந்தார். கோவிலில் வைத்த பொருள் ஆயிற்றே என்று மரியாதையாக, 'தோத்திரம். திருநாள் கொடி என்றைக்கு ஏறும்' என்று அடித்தார். 'தோத்திரம். சுகமா?' என்றது. நல்லது என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவர், 'சுகம். கொடி என்றைக்கு' என்று அடித்தார். 'நானும் சுகம். வீட்டில் எல்லோரும் சுகமா?' என்றது. அவர் விடவில்லை. 'எல்லோரும் சுகம். கொடி ஏற்றம் எப்போது' என்றார். 'நானும் சுகம். வீட்டில் எல்லோரும் சுகமா?'

அடுத்து அற்புதம்மாள். பங்கில் ஒன்று நடந்தால் இரண்டாகச் சொல்கிற பொம்பளை. அதற்கும் இதே கதி. "பாவம், எம்புட்டு அக்கறையா விசாரிக்குது! எம் மருமக ஒரு நாளு கேட்டிருப்பாளா?" என்று சத்தமாகச் சொன்னது. ஹாலே சிரித்தது. ஜெகபர் அலி வேறு, "அண்ணே, பொண்ணு பார்க்க வந்த வீடு மாதிரி இருக்கு. நலம் விசாரிச்சே காபி ஆறிடும்" என்றார். கொடி என்றைக்கு ஏறும் என்று கடைசி வரை ஒருவருக்கும் தெரியவில்லை. நானே வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது இந்தக் குறை வந்ததே இல்லை. ஏனென்றால் நான் இயந்திரத்துக்குத் தோத்திரம் சொன்னதில்லை.

ம. அற்புதசாமி

பம்பாய், மாதுங்கா
28.5.1985

பெரியவர் அவர்களுக்கு நமஸ்காரம்.

சௌக்கியம். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். உபதேசியார் பகுதி வந்தபோது சிரித்துவிட்டார். இந்தக் கடிதங்கள் வரத் தொடங்கிய பிறகு முதல் தடவை.

பிழை புரிகிறது. ஏதாவது ஒரு சொல் பொருந்தியதும் ப்ரோக்ராம் அதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. மீதியைப் பார்ப்பதில்லை. உங்கள் வரிசையில் தோத்திரமும் சுகமும்தான் முதலில் இருக்கின்றன. நம் ஊர் மனிதர்கள் யாரிடம் பேசினாலும் மரியாதையில்தான் தொடங்குவார்கள், கேட்க வந்தது பின்னால் வரும். இயந்திரம் மரியாதையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது.

தோத்திரம், சுகம் இரண்டையும் வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். கொடி, பூசை, தேர் எல்லாம் முதலில் வரட்டும். அவற்றில் ஒன்றும் இல்லாதபோது மட்டும் நலம் விசாரித்தால் போதும்.

சோதனைக்கு அந்தக் கேள்வியைப் போட்டது தவறுதான். இனிமேல் ஒட்டியே கேட்கிறேன்.

வேதவல்லி

சேசு மரி சூசை

காட்டூர்
16.6.1985

ப்ரோக்ராம் பார்ப்பவருக்கு,

சுகம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று பாக்கியமேரி எழுதச் சொல்கிறாள்.

கடைசிக்குக் கொண்டுபோகும் யோசனையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் தோத்திரம் என்று சொல்லும்போது, அதைக் காதில் வாங்காமல் 'கொடி வெள்ளிக்கிழமை' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வது என்ன பழக்கம்? பம்பாயில் அப்படி இருக்கலாம். கவுண்டரில் நான் அப்படிப் பேசியதில்லை. தோத்திரம் முதலில்தான் இருக்கும். ஒரு வரி நகராது.

நானே ஒரு வழி செய்தேன். தோத்திரத்துக்குப் பதில் சொன்ன பிறகு அடுத்த கேள்விக்குத் தாண்டாமல், மேற்கொண்டு தேடட்டும் என்று மாற்றிவிட்டேன். இப்போது 'தோத்திரம். சுகமா? கொடி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி' என்று அழகாகச் சொல்கிறது. பம்பாய்க்கு இது தோன்றவில்லை.

ஒரு சின்னக் குறை இருக்கிறது. ஒருவர் வெறும் தோத்திரம் மட்டும் சொன்னால், 'தோத்திரம். சுகமா? எனக்குத் தெரியாது. வேறு கேளுங்கள்' என்கிறது. வந்தவரை வாங்க என்று கூப்பிட்டு, உங்களைத் தெரியாது என்று சொல்வதுபோல் இருக்கிறது. பங்குச் சாமியார் முன்னால் இப்படிச் சொன்னால் நான் கோவிலுக்குப் போக முடியாது. மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் போடவும்.

ம. அற்புதசாமி

சேசு மரி சூசை

காட்டூர்
30.7.1985

தம்பி சவரிராயனுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு இப்போது மனம் இல்லை.

ஜூன் பதினாறாம் தேதி எழுதிய கடிதத்துக்கு இன்று வரை பதில் வரவில்லை. ஜூலை முழுவதும் தபால்காரரைத் தெருமுனையில் வழிமறித்துக் கேட்டேன். திருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் முடிக்க வேண்டும், முடியாது என்றால் முடியாது என்று எழுத வேண்டும். பாதியில் கையைக் கழுவிக்கொண்டு போவது யார் வீட்டுப் பழக்கம் என்று எனக்குத் தெரியாது. நம் வீட்டுப் பழக்கம் இல்லை. இதற்குத்தான் ஆள் யார், எவர் என்று பார்த்து உறவு வைக்க வேண்டும் என்று சொல்வது.

ப்ரோக்ராம் பார்க்கிறவரிடம் சொல்.

ம. அற்புதசாமி

பம்பாய்
8.8.1985

அண்ணனுக்கு சவரிராயன் எழுதுவது.

அண்ணி சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். ஆறு மாதமாக நான் எழுதவில்லை. எழுதினால் மரியாதை தவறிவிடும் என்று பயம். இப்போது தவறினாலும் பரவாயில்லை.

ஜூலை மாதம் அவளுடைய அப்பா ஸ்ரீரங்கத்தில் இறந்துவிட்டார். மாசியிலிருந்தே படுக்கையில் இருந்தார். அவள் சித்தி தந்தி கொடுத்தார்கள். "நீங்க வந்தா கதவே திறக்காது, நான் மட்டும் போறேன்" என்று தனியாகக் கிளம்பினாள். தனியாகப் போனாலும் கதவு திறக்கவில்லை. வீதியில் எதிர்ச்சாரியில் நின்று அப்பாவைக் கொண்டுபோவதைப் பார்த்தாள். சித்தி மட்டும் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார்களாம்.

டிக்கெட் கிடைக்கும் வரை மூன்று நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜில் தங்கினாள். அந்த ஊரில் அவளுக்கு அப்பா வீடு ஒன்று, என் அண்ணன் வீடு ஒன்று. தங்கியது லாட்ஜில். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அவருக்கு ப்ரோக்ராம் முடியட்டும்" என்றாள்.

அந்த அறையில் உட்கார்ந்து உங்கள் வேலையைத்தான் செய்திருக்கிறாள். பம்பாய் திரும்பியதும் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அனுப்பவில்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இதோடு உங்கள் ப்ரோக்ராம் விஷயம் முடிந்தது.

சவரிராயன்

(லாட்ஜின் பெயர் அச்சிட்ட தாளில்)

பி என்று ஒரு இடம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வந்ததும் அதில் 0 போடவும். எந்தப் பதில் சொன்னாலும், அது தோத்திரத்துக்கான பதிலாக இருந்தாலும், அதில் 1 போடவும். எல்லாம் பார்த்து முடித்த பிறகும் பி-யில் 0 இருந்தால் மட்டும் 'தெரியாது' சொல்லட்டும். தோத்திரம் முதலிலேயே இருக்கலாம். நீங்கள் சொன்னதுதான் சரி.

சேசு மரி சூசை

காட்டூர்
19.8.1985

வேதவல்லிக்கு அற்புதசாமி எழுதுவது.

காய்ச்சல் விட்டதா? டாக்டர் என்ன சொன்னார்? மருந்தை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

உன் தகப்பனார் ஆத்துமம் இளைப்பாறட்டும். பாக்கியமேரி அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா என்று சாமியாரைக் கேட்டாள். கொடுக்கலாம் என்றார், கொடுத்தோம். இதில் உங்கள் வீட்டாருக்கு ஆட்சேபம் இருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும். நானும் அவரும் ஒரே காரியத்துக்காக ஒன்பது வருஷம் கோபமாக இருந்தோம். ஒரு தடவை கூடச் சந்தித்துப் பேசியதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு வந்து எங்கள் வீட்டுப் பெண் லாட்ஜில் தங்குவதா? இதைவிட எனக்கு என்ன அவமானம் வேண்டும்? ஊரில் நாலு பேர் பார்த்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தாளில் பெயர் இருந்ததால் நேரே அந்த லாட்ஜுக்குப் போனேன். மேனேஜர் பெயர் வீரமலை.

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு நீ எப்படிய்யா ரூம் கொடுக்கலாம்?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுப் பொண்ணுன்னு அது சொல்லலைங்களே" என்றார்.

"கேட்டிருக்கணும்."

"கேட்டேங்க. ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்லையாம்மான்னு கேட்டேன். 'இருக்காங்க, என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுவாங்க'ன்னுச்சு. அழுத மூஞ்சி. தனியா வந்த பொண்ணு. நானும் ரூம் இல்லைன்னு சொல்லியிருந்தா எங்கங்க போயிருக்கும்?"

நான் கையை மேஜை மேலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. "ரெண்டாம் நாள் காட்டூருக்கு எந்த பஸ்னு கேட்டுச்சுங்க. நம்பர் சொன்னேன். போயிட்டுக் கொஞ்ச நேரத்துலயே திரும்பி வந்துடுச்சு."

வேலை பார்த்த காலமெல்லாம் யார் எங்கே போக வேண்டும் என்று கேட்டாலும் வழி சொன்னவன் நான். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டது அவரிடம். அவர் டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அவனிடம் சத்தியம் வாங்கியதும் தவறு. எனக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்ய நீ யார்?

அக்டோபர் ஆறாம் தேதி திருநாள். நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும். முன் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அற்புதசாமி

(பி-யை வைத்த பிறகு ப்ரோக்ராம் ஒழுங்காக நடக்கிறது.)

பம்பாய், மாதுங்கா
5.9.1985

மதிப்புக்குரிய பெரியவருக்கு நமஸ்காரம்.

காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பாவுக்காகப் பூசை வைத்ததற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்பாவுக்கும் இப்போது இருக்காது.

பஸ்ஸில் ஏறினேன். பால்பண்ணை ஸ்டாப் வரை வந்தேன். கதவைத் தட்டி, யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒரு வாரத்தில் இரண்டு வாசல் என்னால் முடியாது என்று தோன்றியது. இறங்கி எதிர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நீங்கள் என்மேல் கோபப்பட்டு எழுதியதை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். "அண்ணனுக்கு வேண்டியவங்க மேலதான் இப்படிக் கோபம் வரும்" என்றார். இருந்தாலும் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்க வேண்டாம். வெள்ளை அடித்த அறைக்கு விருந்தாளியாக வருவதென்றால் எனக்கு அந்த லாட்ஜே போதும். வீரமலை நல்லவர். திருநாள் அன்று கோவில் வாசலில் உங்கள் ஜனங்கள், இது யார் என்று கேட்பார்கள். எனக்கு முன்னால் வைத்துத்தான் கேட்பார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இதற்குப் பதில் வந்த பிறகு டிக்கெட் எடுக்கிறோம்.

வேதவல்லி

சேசு மரி சூசை

காட்டூர்
16.9.1985

வேதவல்லிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். கோபம் வந்தது. ராத்திரி சாப்பிடவில்லை. பாக்கியமேரி, "பதில் சொல்லத் தெரியலைன்னா சாப்பிட்டுட்டு யோசிங்க" என்றாள்.

நேற்று எட்டு மணிப் பூசை முடிந்து எல்லோரும் கோவில் வாசலில் நின்றோம். அற்புதம்மாள் நேராக வந்தது.

"என்ன அண்ணே, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறீங்களாம், யாரு வர்றாங்க?"

"தம்பி வர்றான். கூட எங்க வீட்டுச் சின்ன மருமக வருது" என்றேன்.

"எது, அந்த ஸ்ரீரங்கத்துப் பொண்ணா? நீங்கதான் சேத்துக்கலைன்னு…"

"ஆமா, சேத்துக்கலை. இப்ப சேத்துக்கிட்டேன். அதுக்கென்ன?"

உபதேசியார் திரும்பிப் பார்த்தார். ஆரம்பித்தாயிற்று, முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆறு மாதமாக இந்த ப்ரோக்ராமை யார் உதவியும் இல்லாமல் நானே எழுதினேன் என்று பங்கு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சத்தமாகச் சொன்னேன். "விசாரணை ப்ரோக்ராமில் நான் விட்ட தப்பையெல்லாம் திருத்திக் கொடுத்தது அந்தப் பொண்ணுதான். கம்ப்யூட்டர்ல பெரிய வேலை பார்க்குது."

ஜெகபர் அலி என்னை ஏற்றிப் போக மோட்டார் சைக்கிளோடு வெளியே நின்றார். "அப்ப நீங்க என்னண்ணே செஞ்சீங்க?" என்று அங்கிருந்தே கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளோட்டத்தன்று சிரித்ததைவிட அதிகம். சிரிக்கட்டும். தோத்திரத்தை முதலில் வைத்தது நான் என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

உன் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இனி டிக்கெட் எடுக்கலாம். மெட்ராஸிலிருந்து பகல் வண்டி வேண்டாம், புழுக்கம். ராத்திரி வண்டியில் வந்தால் விடியும்போது ஜங்ஷனில் இறங்கலாம். பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். சவரியிடம் நான் முதலில் பேசமாட்டேன், அவன்தான் பேச வேண்டும். அதை அவனிடம் சொல்லிவிடு. ரொம்ப நேரம் காக்க வைக்க வேண்டாம் என்றும் சொல்.

நீ பாக்கியமேரியை அக்கா என்று எழுதுகிறாய். அப்படியானால் நான் மாமா. பெரியவர் என்று எழுதியது போதும்.

உனக்குத் தனியாகப் பாத்திரம் வாங்க வேண்டும் என்கிறாள் அவள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ இருக்கும் வரை இந்த வீட்டில் மீன் வாங்குவது இல்லை. இதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதே. இந்தச் சமயம் ஆற்று மீன் விலை சரியில்லை.

இவ்விடம் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுத வேண்டாம். நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா
அற்புதசாமி